உள்ளுக்க என்ன வைக்கிறது: என்ர ஒட்டுப்போர்வைக் கதை

கொஞ்சக் காலத்துக்கு முன்னம், நான் முதல் முதல் தைச்ச ஒட்டுப்போர்வையத் தோய்ச்சுக் கொடியில போட்டுட்டு ரீ குடிச்சிட்டு வந்து பாக்கிறன், மேல் பாதி வெறும் துணி, கீழ் பாதியில தேங்காய்ப் பருமனில நாலஞ்சு கட்டி தொங்குது. மழைக்கு நனைஞ்ச கோழி மாதிரி ஒரு கோலம். அம்மா திண்ணையில இருந்து பாத்திட்டு "உதென்னடி பிள்ளை, போர்வை பிள்ளைத்தாச்சியோ" எண்டு கேட்டவ. ரெண்டு கிழமை இரவிரவா குந்தியிருந்து தைச்சது. அழுகிறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியேல்ல.

நான் விசுவமடுப் பக்கம். வீட்டில சட்டை, பிளவுஸ், பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறன், அதால வெட்டுத்துண்டு சாக்குச் சாக்கா சேரும். அதை வீணாக்காம என்ன செய்யலாம் எண்டு யூரியூப்பில பாத்துத்தான் இந்த குயில்ட் விசர் பிடிச்சது. குயில்ட் எண்டது ஒட்டுப்போர்வைதான்: மேல துண்டு பொருத்தின துணி, நடுவில பஞ்சு, கீழ ஒரு துணி, மூண்டையும் சேத்துத் தைக்கிறது. மேல்பக்கம் துண்டு பொருத்திறதப் பற்றி எல்லாரும் மணித்தியாலக் கணக்கில கதைக்கினம், உள்ளுக்க வைக்கிறதுக்கு வந்தா "இப்ப பற்றிங் வையுங்கோ" எண்டு ஒரு வரியில முடிச்சுப்போடுவினம். பற்றிங் எண்டதும் மகன் "அம்மா ஆர் போலிங்" எண்டு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சவன். பற்றிங் எண்டது அந்த நடுவில வைக்கிற பஞ்சு, வெளிநாட்டில அது பாய் மாதிரி சுருட்டிக் கடையில விக்கிற சாமான். இஞ்ச கிளிநொச்சியில நான் ஏறி இறங்கின கடையள்ல அப்பிடி ஒண்டைக் கேட்டா தலகணிக்கு அடைக்கிற பைபர்தான் காட்டுவினம்.

நான் முதல் வாங்கினதும் அந்தப் பைபர்தான். பொலியெஸ்ரர், வெள்ளை வெளேரெண்டு முகில் மாதிரி இருக்கும், கையால பிச்சுப் பிச்சுப் பரவி வைச்சன், பத்து இஞ்சிக்கு ஒரு தையல்கோடு ஓடினன். பிழை என்னண்டா அது தலகணிக்குள்ள அடைக்கிற சாமான், ஒரு நாருக்கும் மற்ற நாருக்கும் ஒரு ஒட்டும் இல்ல, தண்ணி பட்டுப் பாரம் ஏறினதும் எல்லாம் சறுக்கிக் கீழ போய்க் கட்டியாகிடும். பாயாக விக்கிற பொலியெஸ்ரர் அப்பிடி இல்ல, அதை சூட்டாலயோ பசையாலயோ நாரோட நார் பிடிக்க வைச்சிருப்பினம். குசன் தைக்கிற கடையளில சில நேரம் அந்தச் சீற் கிடைக்கும், கேட்டுப் பாருங்கோ. ஆனா கிடைச்சாலும் நான் வன்னியில ஒரு ஆளுக்கும் பொலியெஸ்ரர் போர்வை தைச்சுக் குடுக்க மாட்டன். சுருங்காது, கெதியாக் காயும், பாரமும் இல்ல, எல்லாம் சரி, ஆனா வேர்வைய உறிஞ்சாது. எங்கட ஊரில குளிர் எண்டு சொல்லிறது மார்கழி தையில விடியப்புறம் பனி விழுற அந்த ரெண்டு மூண்டு மணித்தியாலம்தான். மற்ற நேரம் அதுக்குள்ள படுத்தா புழுங்கிச் சாகவேண்டியதுதான். மேல அயன் பெட்டிய கொஞ்சம் கூடச் சூட்டில வைச்சா உள்ளுக்க உருகிச் சப்பையாகிற கரைச்சல் வேற.

என்ன நார் எண்டு தெரியாட்டி ஒரு சுகமான சோதனை இருக்கு. வெளியில போய், பக்கத்தில ஒரு பேணித் தண்ணி வைச்சுக்கொண்டு, சின்னத் திரி ஒண்டு உருட்டிக் குறட்டால பிடிச்சு நெருப்புக்குச்சி காட்டுங்கோ. பருத்தி எண்டா கடதாசி எரியிற மணம், பேந்து பஞ்சு போல சாம்பல், ஊதினாப் பறக்கும். பொலியெஸ்ரர் உருகி ஒடுங்கும், ஆறின பிறகு கறுத்த மணி மாதிரி இறுகி நிக்கும், நகத்தால நசிக்க ஏலாது. கம்பளி எண்டா தலைமயிர் கருகிற நாத்தம். கடைக்காரர் "தனிக் கொட்டன் அக்கா" எண்டு தந்த ஒண்டு மணி மணியா உருகினதை நான் என்ர கண்ணால கண்டனான்.

அதுக்குப்பிறகு இலவம்பஞ்சு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிற கேள்வி "ஏன் பிள்ளை, வளவில இலவு நிக்கேக்க காசு குடுத்து வாங்கிறாய்" எண்டதுதான். முள்ளியவளையில சித்தியாக்கள் வளவில ஒரு மரம் நிக்குது, பங்குனி சித்திரையில காய் காஞ்சு வெடிக்கும். ரெண்டு உரப்பை நிறையக் காய் கொண்டுவந்தன். கொண்டுவந்ததைச் சும்மா மூலையில போட்டுட்டு ஆனி மாசம் ஒரு நாள் நேரம் கிடைச்சிதெண்டு மாமரத்துக்குக் கீழ பாயைப் போட்டுக் காயை உடைக்கத் தொடங்கினன். சோளகம் அடிக்கிற மாசம் எண்டு மூளைக்கு எட்டேல்ல. முதல் அஞ்சு காய் வரைக்கும் பிரச்சினை இல்ல, பிறகு ஒரு காத்துத் தூக்கினது பாருங்கோ, முத்தம், கிணத்தடி, பக்கத்து வீட்டு மிளகாய்த் தோட்டம், கோழியின்ர முதுகு, எல்லாம் வெள்ளை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால "வன்னியில ஸ்நோ விழுதெண்டு கனடாவுக்குப் படம் அனுப்பு" எண்டவ. இலவு காத்த கிளிக்கும் கடைசியா இப்பிடித்தான் இருந்திருக்கும்.

மிச்சத்தை அறைக்குள்ள கொண்டுபோய், யன்னல் பூட்டி, ஃபேன் நிப்பாட்டி, கட்டில்ல நுளம்புவலையைக் கட்டி, வலைக்குள்ள நான் குந்தியிருந்து உடைச்சன். கொரோனா நேரம் வாங்கின மாஸ்க் அண்டைக்குத்தான் உண்மையா உதவினது. மாஸ்க் இல்லாமச் செய்யாதேங்கோ, தும்மல் மட்டுமில்ல, முட்டு வருத்தம் உள்ள ஆக்களுக்கு அந்தத் தூசு பொல்லாது. நெருப்பும் கிட்டக் கூடாது, குசினிப் பக்கமே போகாதேங்கோ, பத்தினா ஒரு மூச்சில போயிடும்.

கொட்டை எடுக்கிறதுக்கு அம்மா காட்டின வழி: பஞ்சை உரப்பைக்குள்ள பாதி அளவுக்குப் போட்டு, கவர் விட்ட தடி ஒண்டால மத்து மாதிரிக் கடையிறது. பஞ்சு விரிஞ்சு பொங்கி மேல வரும், கொட்டை பாரம் எண்டபடியால் அடியில போய் நிக்கும். கையால ஒண்டொண்டாப் பொறுக்கினா ஒரு நாள் முழுக்கப் போற வேலை, கடைஞ்சா ஒரு மணித்தியாலம். கொட்டை உள்ளுக்க கிடந்தா நித்திரையில முதுகில குத்தும், எண்ணெய்க் கொட்டை எண்டபடியால் எலிக்கும் நல்ல விருந்து. கடைஞ்ச பிறகு கறுத்த சீலைத்துண்டில பரவி ஒருக்காப் பாருங்கோ, தப்பினது கண்ணுக்குத் தெரியும், தெரியாட்டி கையால தடவினா நெருடும்.

இவ்வளவு பாடுபட்டுத் தைச்சதும் சரிவரேல்ல. இலவம்பஞ்சு நார் உள்ளுக்க குழாய் மாதிரி வெறுமை, மேல மெழுகுப்பூச்சு. அதாலதான் பாரமில்ல, தண்ணியும் கெதியில ஏறாது, முந்தி கப்பலில போறவை போடுற உயிர்காப்பு அங்கிக்குள்ளயும் இதைத்தான் அடைச்சவை. அந்த மெழுகும் வழுவழுப்பும்தான் போர்வைக்கு எதிரி. நாரும் கட்டை, ஒண்டை ஒண்டு பிடிக்காது. ஒண்டரை இஞ்சிக்கு ஒரு கோடு எண்டு நெருக்கித் தைச்சும் ஊசி போன ஓட்டையளால எல்லாம் பஞ்சு எட்டிப் பாத்தது. கறுப்புச் சாறத்தில தைச்ச பக்கம் நரைச்ச தாடி மாதிரி. தோய்ச்சா அமர்ந்து கட்டியாகிடும், பேந்து எவ்வளவு வெயிலில போட்டு அடிச்சாலும் முதல் மாதிரிப் பொங்காது. கடைசியில எல்லாத்தையும் பிரிச்சு நெருக்கமா நெய்த துணியில ஆறு தலகணி அடிச்சன். இலவம்பஞ்சு தலகணிக்குப் பிறந்தது, வெயிலில போட்டு எடுத்தாக் காணும், தோய்க்கத் தேவையில்ல. போர்வைக்கு வேண்டாம். இதில எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

வளவில நிக்கிற பருத்தியப் பற்றியும் ஒரு வசனம், ஏனெண்டா அதையும் கேப்பினம். விளக்குத் திரிக்கு எண்டு ரெண்டு மரம் நிக்குது. கொட்டையோட நிறுத்தால் அதில மூண்டில ஒரு பங்குதான் பஞ்சு, மிச்சம் கொட்டை. அதை எடுத்து, வாரி, பாயாப் பரவி, பிரியாமத் தைக்கிறதெண்டா எனக்கு இன்னொரு பிறப்பு வேணும். திரிக்கே இருக்கட்டும்.

இந்தக் கதையெல்லாம் வட்சப்பில கேட்டுட்டு ரொறன்ரோவில இருக்கிற மச்சாள் திருவிழாவுக்கு வரேக்க ஒரு பைக்கற் கொண்டுவந்தவ. சொக்லேற் கொண்டுவராம பஞ்சு கொண்டுவந்த முதல் கனடாக்காரி அவதான். 72 இஞ்சிக்கு 90 இஞ்சி, எண்பது வீதம் கொட்டன், இருபது வீதம் பொலியெஸ்ரர், ஊசிகளால குத்திக் குத்தி நாரை ஒண்டோட ஒண்டு பின்னின வகை. மொத்தமில்ல, தடிப்பு ஒரு நல்ல துவாய் அளவுதான் இருக்கும்.

அதை எடுத்த கையோட தைக்க இறங்கக்கூடாது. மாசக்கணக்கா இறுக்கிச் சுருட்டினது, மடிப்பு மடிப்பாக் கிடக்கும். கட்டிலில விரிச்சு ஒரு நாள் விட்டன், தன்ர பாட்டில மடிப்பு எழும்பினது. பேந்து அதில ஓரத்தில சரியா 12 இஞ்சிச் சதுரம் ஒண்டு வெட்டி, நாங்கள் போர்வைய எப்பிடித் தோய்ப்பமோ அப்பிடியே தோய்ச்சுக் காயவைச்சு அளந்தன். 11½ வந்தது. அரை இஞ்சிதானே எண்டு நினைக்காதேங்கோ, 60 இஞ்சிப் போர்வையில அது ரெண்டரை இஞ்சி. மேல்துணி முதலே தோய்ச்சுச் சுருங்கினதெண்டா, தைச்ச பிறகு உள்ளுக்க மட்டும் சுருங்கி முழுக்கச் சுருக்கம் சுருக்கமா வரும். வெளிநாட்டில அந்தப் பழசான தோற்றம்தான் வடிவெண்டு வேணுமெண்டே தோய்க்காமத் தைக்கிறவை இருக்கினம். அம்மா அப்பிடி ஒண்டின்ர படத்தைப் பாத்திட்டு "அயன் பண்ணாத பாவாடை மாதிரிக் கிடக்கு" எண்டவ. நான் ஊறவைச்சுத்தான் தைச்சன்.

ஊறவைக்கிறதில ஒரு முறை இருக்கு. பெரிய வாளியில இளஞ்சூட்டுத் தண்ணி, சவர்க்காரம் வேண்டாம், மெல்ல அமத்தி அரை மணித்தியாலம் விடுங்கோ. கல்லில அடிக்கிறது, கும்முறது, முறுக்கிப் பிழியிறது ஒண்டும் கூடாது, மெசினுக்குள்ள சுத்த விடவும் கூடாது, பிஞ்சு கஞ்சியாப் போயிடும். தண்ணிய ஊத்திப்போட்டு அமத்தி வடிய விட்டு, ரெண்டு பழைய துவாய்க்குள்ள வைச்சுப் பாய் மாதிரிச் சுருட்டி மேல ஏறி நிண்டன். கொடியில தொங்கவிட்டாத் தண்ணிப் பாரத்துக்கு இழுபட்டு ஒரு பக்கம் மெல்லிசாகிடும், அதால கட்டிலை முத்தத்தில போட்டு நுளம்புவலை விரிச்சு அதில பரப்பினன். சித்திரை வெயிலில ரெண்டு மணித்தியாலத்தில காஞ்சிட்டுது, இடையில ஒரு கோழி ஏறி நடந்து பாத்திட்டுப் போனது வேற கதை. மாரியில இந்த வேலைய நினைக்கவே வேண்டாம். பாதி காஞ்சதை மடிச்சு வைச்சா மூண்டாம் நாள் பூஞ்சணம் மணக்கும், அந்த மணம் பிறகு போர்வை கிழியும் வரைக்கும் போகாது.

இன்னொண்டு, வடிவாப் பாத்தாத்தான் தெரியும்: ஊசி குத்தின பாயில ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழி, மற்றப் பக்கம் சின்னச் சின்ன மணி உருண்டு நிக்கும். குழி இருக்கிற பக்கத்தை மேல்துணிக்கு வைக்கவேணும். அப்பத்தான் எங்கட ஊசியும் அந்த ஊசியள் போன திசையிலயே போகும், நார் வெளியால வராது. மாறி வைச்சா அந்த நரைச்ச தாடிதான் திரும்பவும். மங்கின நிறத்தில, கபிலப் புள்ளி புள்ளியா இருக்கிற வெளுக்காத கொட்டனை வெள்ளைத் துணிக்குக் கீழ வைக்காதேங்கோ, புள்ளி நிழலாத் தெரியும்.

அந்தப் போர்வை நல்லாத்தான் வந்தது. ஆனா ஒவ்வொருக்காவும் மச்சாள் வரும்வரைக்கும் காத்திருக்க ஏலுமோ. தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, கையில ஒண்டும் இல்ல. அப்பத்தான் அம்மாவின்ர பெட்டியில கண் போனது.

பழைய நூல்சீலை. இதை நான் முதலே செய்திருக்கவேணும். வங்காளத்தில காந்தா எண்டு தைக்கிறவை, பழைய சீலை நாலஞ்சை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி ஓட்டுத்தையல் ஓடுறதுதான், பஞ்செண்ட கதையே இல்ல. கணக்கைப் பாருங்கோ: சீலை 6 யார், எண்டா 216 இஞ்சி. நாலா மடிச்சா 54 இஞ்சி. அகலம் 45க்குக் கிட்ட, ரெண்டு கரையையும் வெட்டினா 40க்குக் குறையாது. பிள்ளைக்கு 36க்கு 48 காணும், சுத்திவர ரெண்டு இஞ்சி கூட விட்டால் 40க்கு 52. ஒரு சீலை, நாலு மடிப்பு, அளந்து செய்த மாதிரி. கரையைக் கட்டாயம் வெட்டுங்கோ, அது இறுக்கமா நெய்தது, உள்ளுக்க கிடந்தா வரம்பு மாதிரித் தெரியும். முந்தாணையில சரிகை இருந்தா அதையும்.

எந்தச் சீலை எண்டதில கவனம். நூல்சீலையும், அதில மெல்லிசான வொயிலும்தான். நைலெக்ஸ் எண்ட நைலோன் சீலைப் பக்கமே போகாதேங்கோ, வழுக்கும், புழுங்கும். புதுச்சீலை வேண்டாம், கஞ்சியும் சாயமும் போகாது. இருபது வருசம் கட்டித் தோய்ச்சதெண்டா இனிச் சுருங்கவும் ஒண்டுமில்ல, சாயம் போகவும் ஒண்டுமில்ல. ஆனா நைஞ்ச இடம் இருக்கும், கொய்யகம் வாற இடம், நடக்கேக்க குதிக்கால் மிதிக்கிற கரை. வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாத்து, விரல் போட்டு மெல்ல இழுத்தா சரெண்டு போற இடத்தை வெட்டி எறியுங்கோ. சிவப்பு, கடும்நீலம் எண்டா ஒரு மூலைய நனைச்சு வெள்ளைத் துணியில அமத்திப் பாருங்கோ, இருபது வருசத்துக்குப் பிறகும் இறங்கிற சாயம் இருக்கு.

நாலு மடிப்பும் தைக்கேக்க நழுவித் திரியும், அதுதான் பெரிய கரைச்சல். நான் செய்தது, சோறு வடிச்ச கஞ்சியத் தண்ணியாக்கி அதில தோய்ச்சு விரிச்சுக் காயவைச்சு அயன் பண்ணி அடுக்கினன், கடதாசி மாதிரி நிண்டது. தைச்சு முடிஞ்ச கையோட தோய்ச்சுக் கஞ்சிய எடுத்துப்போடவேணும், விட்டால் கரப்பான் அரிக்கும். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரேக்க கண்டு நல்லா இருக்கெண்டு சொல்லிப்போட்டு, பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் நித்திரையில இதால போர்க்கப்பிடாது, தலைமாட்டில தலகணி ஒண்டும் வைக்கப்பிடாது, மூச்சடைக்கும் எண்டு கண்டிப்பாச் சொன்னவ. அதால அது இப்ப நிலத்தில விரிச்சுப் பிள்ளை தவழுற விரிப்பு. பிள்ளை பகல் முழுக்க அதில நனைக்கிறார், தங்கச்சி பகல் முழுக்கத் தோய்க்கிறா, ஒரு கட்டியும் இல்ல, ஒரு மணித்தியாலத்தில காயுது.

இனி அம்மாவின்ர போர்வை.

2009ல சண்டை முடிஞ்ச நேரம் செட்டிக்குளம் முகாமில எங்களுக்குச் சாம்பல் நிறத்தில ஒரு போர்வை தந்தவை. கூடாரத்துக்குள்ள வெயிலுக்கு அதை மேல கட்டினம், இரவில கீழ விரிச்சம், மழைக்கு வாசலை மறைச்சம். 2010ல வீட்டுக்குத் திரும்பி வரேக்க அதுக்குள்ளதான் சட்டி பானையச் சுத்திக்கொண்டு வந்தது. அதுக்குப்பிறகு அம்மா அதைப் போர்க்கவும் மாட்டா, எறியவும் விட மாட்டா. அரிக்குது எண்டு சொல்லுவா. எறிவமோ எண்டா பேச்சை மாத்துவா. பெட்டியின்ர அடியில பதினைஞ்சு வருசம். சீலை தேடிக் கிண்டேக்க வெளிய வந்தது. நான் கேக்கேல்ல, அவதான் சொன்னவ, "உதை உள்ளுக்க வைச்சுத் தை, வெளியால தெரியாமல்."

குறட்டில பிடிச்சு எரிச்சுப் பாத்தன். மயிர் கருகின நாத்தமும் வந்தது, மணியும் உருகினது, எண்டா கம்பளியும் பொலியெஸ்ரரும் கலந்தது. கம்பளி கலந்ததெண்டா சுடுதண்ணியும் கும்மலும் ஆகாது, இறுகித் தடிச்சுப் பலகையாகிடும். பச்சைத்தண்ணியில சவர்க்காரத்தூள் கொஞ்சம் போட்டு, மூண்டு தரம் ஊறவைச்சு மூண்டு தரம் தண்ணி மாத்தினன். முதல் தண்ணி செம்மண்ணா வந்தது. அம்மா கிணத்துக் கட்டில இருந்து பாத்துக்கொண்டிருந்தவ, ஒண்டும் கதைக்கேல்ல, நான் தண்ணியை வாழைக்கு ஊத்தினன்.

காஞ்ச பிறகு அளந்தால் 58க்கு 76. நடுவில கரப்பான் அரிச்ச ஓட்டை, ஒரு மூலையில நெருப்புப்பொறி பட்டு உருகின வட்டம். பழுதை வெட்டினாத் துண்டு துண்டாத்தான் வரும், அதைப் பொருத்திறதுக்கு ஒரு வழி இருக்கு, எந்தப் பஞ்சுப் பாய்க்கும் இதுதான். ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தி வைச்சுத் தைக்காதேங்கோ, அந்த இடம் மொத்தமா மேடு தட்டும். ரெண்டு ஓரத்தையும் ஒண்டோட ஒண்டு முட்ட வைச்சு, கைஊசியால பெரிய குறுக்குத்தையல், நூலை இறுக்காமல். நேர்கோடா வெட்டாம பாம்பு போற மாதிரி வளைச்சு வெட்டிப் பொருத்தினா இன்னும் நல்லம், நேர்கோடு எண்டா அதில மடிஞ்சு மடிஞ்சு கொஞ்ச நாளில மேல கோடு விழுந்திடும். நான் வளைச்சுத்தான் வெட்டினன், ரெண்டு ஓரமும் பொருந்தவேணும் எண்டதுக்காக ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு ரெண்டையும் சேத்து வெட்டினன். முடிவில 54க்கு 72 மிஞ்சினது.

அரிக்கிறதுக்கு என்ன செய்யிறது எண்டுதான் யோசினை. அந்த நாரின்ர முனையள் சாறத்துணியத் தாண்டி வெளியால வரும். அதால மேலயும் கீழயும் அம்மாவின்ர பழைய வொயில் சீலை ஒவ்வொரு மடிப்பு, அகலம் காணாத இடத்துக்கு அதே முட்டுத்தையல். எண்டா மொத்தம் அஞ்சு அடுக்கு: மேல துண்டு பொருத்தினது, வொயில், போர்வை, வொயில், கீழ அப்பான்ர ரெண்டு சாறம் பிரிச்சுப் பொருத்தினது. சீமெந்து நிலத்தைக் கூட்டித் துடைச்சு, கீழ்த்துணியை இழுத்து ரேப்பால நிலத்தில ஒட்டி, ஒண்டொண்டா விரிச்சு நடுவில இருந்து வெளியால கையால தடவித் தடவி, பேந்து நீட்டு நீட்டா இழையோட்டம் போட்டன். இதுக்கு முழங்கால்தான் விலை.

மெசினில ஏத்தினதும் பதினாலாம் நம்பர் ஊசி டக்கெண்டு முறிஞ்சது. பதினாறு போட்டு, தையலை நீட்டாக்கி, துணிய அமத்திற மெசின் காலின்ர அமத்தலைக் குறைச்சும் மேல்துணி முன்னுக்கும் கீழ்த்துணி பின்னுக்கும் போகுது. ரெண்டு அடி தைச்சுப் பிரிச்சதோட விட்டுட்டன். கைவேலைதான். உள்ளுக்க இருக்கிறது நெய்த துணி, பஞ்சு மாதிரி ஓடித் திரியாது, அதால கோடு கோடாத் தைக்கவேணும் எண்டில்ல. மொத்தமான கொட்டன் நூலை ரெட்டையாக் கோத்து நாலு இஞ்சிக்கு ஒண்டெண்டு குத்தி எடுத்து, ரெண்டு தரம் மாறி மாறி முடிச்சுப் போட்டு வெட்டிறது. நைலோன் நூல் வேண்டாம், முடிச்சுக் கழரும், பழைய துணிய அறுக்கவும் அறுக்கும். மூண்டு இரவு போனது. இருநூறுக்கு மேல முடிச்சு, ஒரு அளவுக்குப் பிறகு நான் எண்ணிறதை விட்டுட்டன், அம்மாதான் ஒரு பக்கத்தில இருந்து தானும் போட்டுக்கொண்டு வந்தவ. அவவின்ர முடிச்சு என்ர முடிச்சை விட இறுக்கம்.

இதுவரைக்கும் ரெண்டு தரம் தோய்ச்சாச்சு. பாரம்தான், நனைஞ்சா ரெண்டு பேர் பிடிக்கவேணும், வெயிலில காய முழுநாள் எடுக்கும், மாரி தொடங்க முன்னம் ஒருக்காவும் தை பிறந்த பிறகு ஒருக்காவும் தோய்ச்சாக் காணும் எண்டு வைச்சிருக்கிறன். நீளத்தில ஒரு இஞ்சி குறைஞ்சிருக்கு, அகலம் அப்பிடியே. அரிக்கேல்லயோ எண்டு கேட்டன். "எங்க, உள்ளுக்க எது கிடக்கெண்டே தெரியேல்ல" எண்டு சொன்னவ, ஆனா படுக்கேக்க பாத்தனான், அந்த வளைஞ்ச முட்டுத்தையல் வாற இடத்தைத் துணிக்கு மேலால விரலால தடவிக்கொண்டு கிடந்தவ.

வெட்டின கழிவுத்துண்டு ஒரு பிடி மிஞ்சினது. அடுப்பில சட்டி பிடிக்கத் தைப்பமெண்டு எடுத்தனான், பொலியெஸ்ரர் கலந்தது சூட்டுக்கு உருகிக் கையில ஒட்டும் எண்டு ஞாபகம் வந்து விட்டுட்டன். மெசின் லாச்சிக்குள்ள கிடக்கு, இப்போதைக்கு ஊசி குத்தி வைக்கிறன்.